பாவித்த பிளக்-இன் ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்வி-பதில்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதிதாக வரும் வண்டிகளின் வரியைக் கேட்டு மலைத்தவர்கள், ஏற்கனவே நாட்டுக்குள் நிற்கும் பிளக்-இன் வண்டிகள் பக்கம், அதாவது வயர் குத்திச் சார்ஜ் ஏற்றி மின்சாரத்திலும் பெற்றோலிலும் ஓடும் பிஎம்டபிள்யூ ஐ8, 530ஈ, போர்ஷே பனமேரா பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். எழுதுகிறவர்கள் தயவுசெய்து வருடம், ஓடிய தூரம், பற்றரியின் நிலை மூன்றையும் குறிப்பிடுங்கள். அவை இல்லாமல் பதில் சொல்வது கஷ்டம்.

கேள்வி (காத்தான்குடி): சேர், 2015 ஐ8 ஒன்று கொழும்பில் விலைக்கு நிற்கிறது. வெள்ளை நிறம், 38,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன். முற்பணம் கட்டலாமா?

பதில்: அனுப்பிய எல்லாப் படத்திலும் கதவு மேலே தூக்கியபடி நிற்கிறது. சீற்றுத் தையல் தெரிகிறது, சக்கரம் மினுங்குகிறது. பற்றரி பற்றி ஒரு வரிகூட இல்லை. கோடிக்கணக்கில் காசு போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

பத்து வருடத்துக்கு மேலான வண்டி 38,000 தான் ஓடியது என்றால் ஒன்றில் மீற்றரைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது வண்டி நீண்ட காலம் நின்றிருக்கிறது. இரண்டையும் சோதிக்கலாம். பிஎம்டபிள்யூவில் ஓடிய தூரம் மீற்றரில் மட்டுமல்ல, வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. கணினியை மாட்டி ஸ்கான் செய்து எண்களை ஒப்பிட்டால், திருப்பியிருந்தால் எங்காவது ஒரு இடத்தில் பழைய எண் தெரிய வாய்ப்பு அதிகம். உண்மையாகவே நின்ற வண்டி என்றால் பற்றரி எந்த நிலையில் நின்றது என்பது முக்கியம். சார்ஜ் வற்றிய நிலையில் மாதக்கணக்கில் விட்ட பற்றரி, ஓடித் தேய்ந்த பற்றரியைவிட மோசமாக இருக்கலாம்.

உயர் மின்னழுத்தப் பற்றரிக்குப் பல நாடுகளில் 8 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் உத்தரவாதம் இருந்தது. 2015 வண்டிக்கு அந்தக் கதை எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே 17 எழுத்து சேசிஸ் இலக்கம், சேர்விஸ் பதிவு, பற்றரிக் கொள்ளளவு அறிக்கை (பற்றரி இன்னும் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று அளந்தது) மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

கேள்வி (கல்முனை): நான் பார்த்த ஐ8 மின்சாரத்தில் 37 கிலோமீற்றர் ஓடும் என்று விளம்பரத்தில் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் 19 தான் வந்தது. பற்றரி செத்துவிட்டதா அண்ணன்?

பதில்: சாகவில்லை. 37 என்பது ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் எடுத்த எண், ரோட்டில் புதிதிலேயே அப்படி வரவில்லை. 2014 முதல் 2017 வரை வந்த ஐ8இன் பற்றரி ஏறத்தாழ 7 கிலோவாற் மணி. அதிலும் பாவிக்க விடுவது 5 சொச்சம்தான். ஏசி போட்டு நம்ம வெயிலில் ஓடினால் 20ஐ ஒட்டி வருவது நல்ல பற்றரி. 15க்குக் கீழே போனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 10 என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

2018 முதல் வந்த ஐ8களில் பற்றரி 11.6 கிலோவாற் மணி. கூரை திறக்கும் ரோட்ஸ்டர் வந்ததும் அப்போதுதான். தூரம் கணிசமாகக் கூடும், அதனால் விலையும் கூடும். வித்தியாசத்தைக் கொடுக்க முடிந்தவர்கள் இதையே தேடுங்கள்.

சோதிக்கும் முறை: இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மின்சாரத்தில் மட்டும் ஓடும் பொத்தானை அழுத்தி, கல்லடிப் பாலத்தில் மீற்றரைப் பூச்சியமாக்கிக் கல்முனை வீதியில் விடுங்கள். மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு என்பதால் இதைவிட நல்ல சோதனைப் பாதை இல்லை. என்ஜின் தானாக உயிர்பெறும் இடத்தில் மீற்றரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இது முதல் வடிகட்டல் மட்டும்தான். பற்றரிக் கொள்ளளவு அறிக்கைக்கு இது ஈடாகாது.

கேள்வி (அக்கரைப்பற்று): 2018 530ஈ ஒன்று பார்த்தேன். எல்லாம் நல்லது, ஏசி மட்டும் குளிர் குறைவு. "கேஸ் அடித்தால் சரி, ஐயாயிரம் ரூபாய் வேலை" என்கிறார் விற்கிறவர். அதை ஒரு காரணமாக எடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். இதைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். ஏனென்றால் எங்கள் பகுதியில் நல்ல ஹைபிரிட் வண்டிகள் கெட்டுப்போவதற்கு இந்த ஒரு வேலைதான் பெரிய காரணமாக இருக்கிறது.

சாதாரணக் காரில் ஏசி என்பது சுகத்துக்கு. ஐ8, 530ஈ இரண்டிலும் உயர் மின்னழுத்தப் பற்றரியைக் குளிர்விப்பதே ஏசியின் கேஸ்தான். கேஸ் குறைந்தால் நீங்கள் வியர்ப்பதோடு விஷயம் முடியாது. பற்றரி சூடாகும், வண்டி மோட்டாரின் சக்தியைக் குறைக்கும், சார்ஜ் ஏற்றும் வேகத்தையும் குறைக்கும். இப்படி ஒரு வருடம் ஓடிய வண்டியின் பற்றரி வயதுக்கு மீறிக் கிழடாகிவிடும். ஆகவே குளிர் குறைவு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விற்கிறவரைக் கேளுங்கள்.

அடுத்தது இன்னும் மோசமானது. இந்த வண்டிகளின் கொம்ப்ரசர் பெல்ட்டில் சுற்றுவது அல்ல, 300 வோல்ற்றுக்கு மேலான மின்சாரத்தில் ஓடும் மோட்டார். அந்த மோட்டாரின் கம்பிச் சுருள் கேஸிலும் ஒயிலிலும் நனைந்தபடிதான் வேலை செய்கிறது. அதற்காகவே மின்சாரத்தைக் கடத்தாத பீஓஈ ஒயில் போடப்படுகிறது. சாதாரணக் காருக்குப் போடும் பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு, அதாவது கரண்ட் வெளியே கசியாமல் தடுக்கும் திறன், இறங்கத் தொடங்கும். கேஸ் அடித்த அன்று குளிர் நன்றாகத்தான் வரும். சில நாளோ சில வாரமோ கழித்து ஒரு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும், திரையில் உந்துவிசைக் கோளாறு என்று வரும், சார்ஜ் வயரைக் குத்தினாலும் ஏற்றாது. மின்காப்புக் குறைந்ததைக் கண்டுபிடித்த கணினி, ஆட்களுக்கு ஷொக் அடிக்கக் கூடாது என்று மொத்த உயர் மின்னழுத்தத்தையும் பூட்டிவிடுகிறது. பிறகு கொம்ப்ரசர் மாற்ற வேண்டும், குழாய் முழுவதும் கழுவ வேண்டும், பல இலட்சம் போகும்.

போத்தலில் இருக்கிற ஒயில் சரியாக இருந்தாலும் போதாது. காலையில் ஒரு வானுக்குக் கேஸ் அடித்த அதே இயந்திரத்தின் குழாயில் அந்த வானின் ஒயில் மிச்சம் இருக்கும். கழுவாமல் உங்கள் வண்டியில் மாட்டினால் அதுவும் உள்ளே போகும். கசிவை அடைக்கும் மருந்து ஊற்றுகிறேன் என்பவரை வண்டிக்குக் கிட்டவும் விடாதீர்கள். அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். அந்த வண்டிகள் எங்கள் ஊரில் ஏராளம், அவற்றையும் இப்படித்தான் கெடுக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் லீசிங் கட்டிக்கொண்டு, ஓடாத வண்டிக்கும் செலவழிக்கின்றன. இதைப் பார்க்க மனம் கொதிக்கிறது.

கராஜில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கரண்ட் கொம்ப்ரசருக்கு என்ன ஒயில் போடுவீங்க?" "எல்லாத்துக்கும் ஒண்டுதான் தம்பி" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நீங்கள் பார்த்த 530ஈக்கு: கேஸ் எங்கே போனது என்று கண்டுபிடித்து விற்கிறவரே திருத்தட்டும், மின்காப்பு அளந்த அறிக்கையும் தரட்டும். ஐயாயிரம் ரூபாய் வேலைதான் என்றால் அவரே செய்து கொடுக்கலாமே. பற்றரிக் கொள்ளளவு அறிக்கையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): சந்தை விலையைவிட நாற்பது இலட்சம் குறைவாக ஒரு ஐ8. கொழும்புப் பக்கம். "மழையில் கொஞ்சம் நனைந்தது, காய வைத்தாச்சு" என்கிறார்கள்.

பதில்: நாற்பது இலட்சத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் களனி கங்கைக் கரையோரம் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்று உங்களுக்கே தெரியும். அவை எல்லாம் இரும்புக் கடைக்குப் போகவில்லை.

ஐ8இன் பற்றரி வண்டியின் நடுவில், இரண்டு முன் சீற்றுக்கும் இடையே நீளமாகக் கிடக்கிறது. உட்புறத் தரை நனையும் அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தால் பற்றரியும் தண்ணீரைப் பார்த்திருக்கிறது. சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே கழுவியிருப்பார்கள், உருளைக்குள் சுற்றியிருந்த கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீற்றை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தின் ஆணிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைக் கையால் அமுக்கி மணந்து பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தால் அதுவும் ஒரு சாட்சிதான்.

வெள்ளம் பார்த்த பிளக்-இன் வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உப்போ சேறோ பற்றரிப் பெட்டிக்குள் போயிருந்தால் மாதங்கள் கழித்துத் தீப்பிடிக்கலாம்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): வீட்டில் எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் ஏற்றலாமா?

பதில்: கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் 10 அம்பியர் அளவில் இழுக்கும் வேலைக்கு அந்த வயர் செய்யப்படவில்லை. தனி பிரேக்கர், தனி 13 அம்பியர் சொக்கற், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். அப்புறம் எர்த். மணல் நிலத்தில் வீடு கட்டியவர்கள் இதைக் கவனியுங்கள். ஆடி ஆவணியில் மேல்மணல் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டு மறுக்கும். வண்டியில் பிழை என்று நினைத்து ஸ்கானுக்கு ஓட வேண்டாம், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். ஈரம் வரும் ஆழத்துக்குக் கம்பியை இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி (சம்மாந்துறை): மனைவி, மூன்று பிள்ளைகள். ஐ8ஆ, பனமேராவா?

பதில்: இரண்டுமே நான்கு சீற்றுத்தான், நீங்கள் ஐந்து பேர். இதைப் பார்க்காமலே மொடல் தெரிவு செய்துவிட்டீர்கள். ஐ8இன் பின் சீற்றில் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் இருக்கலாம், பின்னால் சாமான் வைக்க இருப்பது 150 லீற்றர் இடம். போர்ஷேயின் கயன் ஈ-ஹைபிரிட் அல்லது பிஎம்டபிள்யூவின் எக்ஸ்5 40ஈ பாருங்கள். வேகத்தடைகளும் வயல் ரோடும் உள்ள ஊருக்கு உயரமும் வேண்டும். ஆசைக்குப் பனமேராதான் என்றால் 2017க்குப் பிந்திய, 14 கிலோவாற் மணி பற்றரி உள்ளதைத் தேடுங்கள். அதற்கு முந்தியது 9 சொச்சம்.

கேள்வி (ஏறாவூர்): 2020 மொடல் வாங்கினால் பயமில்லைத்தானே?

பதில்: வருடம் புதிது என்பது மட்டும் போதாது. 2020இல் பற்றரிக் கலங்களுக்குள் தயாரிப்பின்போது துகள் கலந்ததால், பிஎம்டபிள்யூ அந்த வருடம் செய்த பல பிளக்-இன் மொடல்களைத் திருப்பி அழைத்தது. திருத்தும்வரை சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்றும் உரிமையாளர்களுக்குச் சொன்னது. சேசிஸ் இலக்கத்தை வைத்து, திருத்தம் செய்யப்பட்டதா என்று முகவரிடம் கேளுங்கள். அதே இடத்தில் பற்றரி அறிக்கையையும் எடுங்கள். சலித்துப் போகிறதா? பரவாயில்லை, எடுங்கள்.

கேள்வி (நிந்தவூர்): ஓப்பன் பேப்பரில் தருகிறார்கள். விலை குறைவு.

பதில்: வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்ட பத்திரம்தான் ஓப்பன் பேப்பர். வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயருக்குரியவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை வண்டி விற்கிறவருடையது அல்ல.

கேள்வி (களுவாஞ்சிகுடி): வாங்கிய ஐ8இல் பெற்றோல் மூடி திறக்கவில்லை. ஷெட்டில் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். உடைத்துத் திறக்கலாமா?

பதில்: உடைக்காதீர்கள்! அதன் டாங்க் அழுத்தத்தில் பூட்டிய டாங்க். பொத்தானை அழுத்தியதும் முதலில் அழுத்தம் இறங்க வேண்டும், திரையில் தயார் என்று வந்த பிறகுதான் மூடி திறக்கும். வரிசையில் நிற்கும்போதே பொத்தானை அழுத்திவிடுங்கள். பல நிமிடம் பொறுத்தும் திறக்காவிட்டால் அழுத்த உணரியோ வால்வோ பழுதாக இருக்கலாம், ஸ்கானில் தெரியும். 95 ஒக்டேன் மட்டும் போடுங்கள். 1.5 லீற்றர் மூன்று சிலிண்டரிலிருந்து 230 குதிரைவலு எடுக்கும் டர்போ என்ஜினுக்கு 92 ஆகாது.

கேள்வி (பொத்துவில்): என் மச்சான் மோட்டர்சைக்கிள் பாஸ். செம்மஞ்சள் வயர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார்.

பதில்: அந்த வயர்களில் ஓடுவது 355 வோல்ற் நேர் மின்னோட்டம். தொட்டால் உயிர் போகும். மச்சானை வண்டியிலிருந்து தூர நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காரைதீவு): ஐ8க்கு ரயர் இங்கே கிடைக்கவில்லை. வேறு அளவு போடலாமா?

பதில்: முன்னுக்கு ஒரு அகலம், பின்னுக்கு வேறு அகலம், நான்கும் 20 அங்குலம். முன் சக்கரத்தை மோட்டாரும் பின் சக்கரத்தை என்ஜினும் ஓட்டுவதால் சுற்றளவு மாறினால் கணினி குழம்பும். அதே அளவையே கொழும்பில் ஓர்டர் கொடுத்து எடுங்கள். வண்டி வாங்கும்போதே ரயர் தேய்ந்திருந்தால் நான்கின் விலையையும் பேரத்தில் கழித்துவிடுங்கள்.