வால்பாறை ஏற்றத்தில் மகளுக்கு வாந்தி: முதலில் போனை வாங்கி வையுங்கள்

மலை ஏற்றம் தொடங்கும் ஆழியாறு வந்ததும் மகளிடமிருந்து போனை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். "கார்ட்டூன் போட்டுக் கொடுத்தும் ஆறு வயது மகளுக்கு வாந்தி நிற்கவில்லை" என்கிறீர்கள். கார்ட்டூன் போட்டதால்தான் நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

உள்காது வண்டி வளைவதை உணர்கிறது. திரையிலேயே இருக்கும் கண்ணோ அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள்:

1. பொள்ளாச்சியில் இரண்டு இட்லி போதும். பூரி, பால் வேண்டாம்.

2. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முன்னால் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. அடுத்த எண்ணை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். என் பையன் பதினேழு வரை கத்திக்கொண்டே வந்தான், பிறகு தூங்கிவிட்டான். தூங்கினால் இன்னும் நல்லது.

3. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் இறங்கிப் பத்து நிமிடம் நில்லுங்கள். தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள், குரங்குகள் விடாது.

சாலை நன்றாகத் தெரியுமென்று முன் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். பின் சீட்டு, பெல்ட்டோடுதான். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் அளவு கேட்டு, கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். சமதளச் சாலையிலும் வாந்தி வந்தாலோ, தலைவலி சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.