நாற்காலியிலேயே தூங்கும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடம் மாரடைப்பு வந்தது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம் என்றார்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. ஒரு மாதமாக இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. இரவில் கட்டிலில் படுக்காமல், ஈஸிசேரில் காலைத் தொங்கப்போட்டே தூங்குகிறார். வீக்கம் வடிய க்ரேப் பேண்டேஜ் சுற்றலாமா? வெந்நீரில் கால் வைக்கச் சொல்லலாமா?
- வாசகி, தேனி

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் வீக்கத்தைவிட என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஈஸிசேர்தான்.

அப்பா கட்டிலை விட்டு அங்கே போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று மூச்சு. படுத்ததும், காலில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். இன்னொன்று கால். நடக்கும்போது கெண்டைக்கால் பிடிப்பது, காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதன் அடையாளம். அடைப்பு முற்றினால், படுத்த நிலையில் பாதம் வரை ரத்தம் எட்டாது. பாதம் எரியும், வலிக்கும். காலைத் தொங்கப்போட்டால் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி குறையும். ஆனால் ராத்திரி முழுக்கத் தொங்கினால் அதுவே காலை வீங்க வைக்கும்.

அதனால் அப்பாவிடம் இன்றே கேளுங்கள்: "மூச்சு முட்டி எந்திரிக்கிறீங்களாப்பா, பாதம் வலிச்சு எந்திரிக்கிறீங்களா?" மூச்சு என்றால் இன்றே இதய மருத்துவரிடம் போங்கள். வலி என்றால் இந்த வாரமே ரத்தநாள அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். இருபது வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போய் வலியே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே நீங்களே டார்ச் அடித்து விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் பாருங்கள். புண்ணோ, கறுத்த விரலோ கண்ணில் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ரத்தமே சரியாகப் போகாத காலில் பேண்டேஜை இறுக்கினால், போகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். காலிலிருந்து நீரைப் பிழிந்து மேலே தள்ளினால் இதயத்துக்கும் சுமைதான். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவமனையில் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். நீண்ட நாள் சர்க்கரையில் குழாய் கெட்டிப்பட்டு இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டுவதும் உண்டு, அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை தலையணை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைப்பதும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடத்தில் பாதம் வெந்தது தெரியாமல் இருந்து, அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் ஜில்லென்று இருந்தால் தளர்வான பருத்தி சாக்ஸ் போதும்.

இனி தினமும் நீங்கள் செய்ய வேண்டியதில் முதல் வேலை எடை பார்ப்பது. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், அதே எடை மெஷினில் நிறுத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பல பேரை ஐசியூ வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது இந்த நோட்டுதான்.

மருத்துவர் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் காலையில் கொடுங்கள். இரவில் கொடுத்தால் தூக்கம் கெடும், இருட்டில் பாத்ரூம் போகும்போது விழுவார். உப்பு நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. இந்துப்பும் உப்புதான். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். இதயத்துக்குத் தரும் சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ஆபத்து. அதே காரணத்தால் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வீக்கம் வடிய பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு என்று வருகிறவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் ரசம், மோர், கஞ்சி உட்பட வாய்வழி போகும் எல்லாமே நீர்க்கணக்கில் சேரும். அவருக்கு எத்தனை லிட்டர் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கால்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை நீரைத் தேக்கிவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நடு இரவில் திடீரென மூச்சுத் திணறி, வியர்த்து, இளஞ்சிவப்பாக நுரை சளி வந்தால் 108-ஐ அழையுங்கள். படுக்க வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். வண்டி வரும்வரை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார வையுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் அவர் ஈஸிசேரில் உட்காரும் அந்த நிலைதான் சரி.