பைன் காய் தூங்கும் நேரம்

அன்புள்ள ஐயா,

டொரொண்டோவுக்கு வந்த பின் இது எங்களுக்கு முதல் இலையுதிர் காலம். என் நான்கு வயது மகன் தினமும் சட்டைப்பை நிறைய இலையும் கொட்டையுமாக வீடு திரும்புகிறான். இலைகளை ஒட்டி மயிலும் ஆந்தையும் செய்தோம். இரண்டே நாளில் அவனுக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குள் அவனோடு வேறென்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாளில் ஒட்டிய இலைக்கு அதன் பிறகு எதுவும் நேர்வதில்லை. பிள்ளையின் அலுப்புக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும் பொருள்களைத்தான் நான் எடுத்து வைப்பேன்.

முதலாவது பைன் காய். நன்றாக விரிந்த ஒன்றை வெதுவெதுப்பான நீரில் போட்டு, மிதக்காதபடி மேலே ஒரு கரண்டியை வையுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செதில்கள் மூடிக்கொள்ளும்; எடுத்து ஜன்னலோரம் உலர்த்தினால் சில நாள்களில் மறுபடி விரியும். செதிலின் வெளி அடுக்கு ஈரத்தில் உள் அடுக்கைவிட அதிகமாக உப்புவதால் அது உள்நோக்கி வளைகிறது. மழை நாளில் விதைகளைப் பொத்திவைத்திருந்து, காற்று உலர்ந்த நாளில் அவற்றைச் சிறகோடு பறக்கவிட மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது. மரத்தைவிட்டு விழுந்து, உயிரற்றுப்போன பின்னும் அது வேலை செய்கிறது. இதையெல்லாம் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. என் மகள் அந்த வயதில், மூடிய காயின் மேல் கைக்குட்டையைப் போர்த்தி, அது தூங்குவதாகச் சொல்லி எங்களை இரண்டு நாள் கிசுகிசுப்பாகப் பேச வைத்தாள்.

இலையின் நிறத்தையும் பிரித்துப் பார்க்கலாம். இன்னும் பச்சையாக உள்ள மேப்பிள் இலைகளைக் கிழித்துத் தருவது அவன் வேலை. மருந்துக்கடை ஆல்கஹாலை ஊற்றுவதும், அந்தக் குவளையைச் சுடுநீரில் நிறுத்துவதும் உங்கள் வேலை. காபி ஃபில்டர் தாளின் ஒரு துண்டை அதில் தொங்கவிட்டால், பச்சை மேலேறும்போது மஞ்சளும் தனியே பிரிந்து தெரியும். மஞ்சள் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான், பச்சையம் சிதைந்த பிறகே வெளியே தெரிகிறது. சிவப்போ பெரும்பாலும் இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு புதிதாக உண்டாவது. (சென்னைத் தெருக்களில் உதிரும் முன் சிவக்கும் நாட்டு வாதுமை இலை உங்களுக்கு நினைவிருக்கும்.)

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேலியோரத்து யூ (yew) என்னும் ஊசியிலைச் செடியின் சிவப்புப் பழத்துக்குள் இருக்கும் விதை கொடிய நஞ்சு, அதைப் பொறுக்க விடாதீர்கள்.

ஓக் கொட்டைகளை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வைப்பது நல்லது. நாங்கள் திறந்த கிண்ணத்தில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில், குண்டூசித் தலை அளவு வட்டத் துளையிலிருந்து பருத்த வெள்ளைப் புழு ஒன்று உடலை நெருக்கி நெருக்கி வெளியே வந்துகொண்டிருந்தது. கூன்வண்டின் புழு அது. கோடையில் பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் கொட்டையைத் துளைத்து உள்ளே முட்டையிட்டிருக்கும். மனைவி முகம் சுளித்தாள். மகளோ அரை மணி நேரம் மேசையை விட்டு நகரவில்லை. பிறகு புழுவைக் கரண்டியில் ஏந்திப் போய், ஓக் மரத்தடி மண்ணில் விட்டு, அது உள்ளே புதைந்து மறையும்வரை குந்தியிருந்தாள்.