அடிதடிக் குணம் ரத்தத்திலேயே இருக்கிறதா, வளர்ப்பில் வருகிறதா?

அம்மாபேட்டையில் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பியில் தம்பி மட்டும் எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறான், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'ரத்தம் அப்படி' என்று சொந்தக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்ற நொதிக்கான மரபணு, ஒரு டச்சுக் குடும்பத்து ஆண்கள் சிலருக்கு அடியோடு பழுதாகியிருந்ததும், அவர்கள் சட்டென்று வன்முறையில் இறங்கியதும் 1993-ல் வெளிவந்தது. ஆனால் அது மிக அபூர்வம். 2002-ல் நியூசிலாந்தின் டுனெடினில் இருந்து வந்த ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நொதி குறைவாக வேலை செய்யும் வகை மரபணு உள்ள பையன்களில், சின்ன வயதில் கொடுமை அனுபவித்தவர்களிடம்தான் முரட்டுத்தனம் தூக்கலாக இருந்தது. (பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.)

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் காட்டியது எளிது: பெரியவர்கள் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அப்படியே அடித்தார்கள். ஒரே வீடு என்றாலும் அண்ணன் பார்த்த அப்பாவும் தம்பி பார்த்த அப்பாவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே, நடுவில் குடி வந்திருக்கலாம், தறி நின்றிருக்கலாம்.

சரி, சமூகம்? பழைய பஸ் ஸ்டாண்டில் வண்டி உரசினதற்குச் சட்டையைப் பிடிப்பவன், விசைத்தறி முதலாளி திட்டும்போது கையைக் கட்டி நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால், வெறும் மரபணு அதை விளக்காது. யாரை அடிக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தலையில் அடிபட்ட பிறகு திடீரென்று வந்த கோபம் என்றால் மட்டும் கதை வேறு, முதலில் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.