ஸ்லேவ் இல்லாமல் சர்வர் ஓடாதா?

கேள்வி: கணினித் துறையில் பிளாக்லிஸ்ட் (தடுக்கும் பட்டியல்), ஒயிட்லிஸ்ட் (அனுமதிக்கும் பட்டியல்), மாஸ்டர் (எஜமான்), ஸ்லேவ் (அடிமை) என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். யாரையும் புண்படுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இப்போது மாற்றச் சொல்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் உடைகிறது. இது வெட்டி வேலைதானே?

பதில்: காலங்காலமாக என்றால் எப்போதிருந்து? இணையதளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை வரையறுத்த ஆர்எஃப்சி 1034 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது 1987இல். மூலத் தகவலை வைத்திருக்கும் சர்வரை அது மாஸ்டர் அல்லது பிரைமரி என்கிறது. அதிலிருந்து நகலெடுத்துக்கொள்வது செகண்டரி. அப்படி நகலெடுக்கும் சர்வருக்கு ஸ்லேவ் என்று விளக்கம் எழுதிய ஆர்எஃப்சி 1996, ஒன்பது வருஷம் கழித்து வந்தது (எண்ணும் ஆண்டும் ஒன்றானது தற்செயல்). பழமைதான் உங்கள் கட்சி என்றால், டிஎன்எஸ்ஸில் செகண்டரிதான் மூத்தது.

பிளாக்லிஸ்ட் விஷயத்தில் உங்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு. அது தோல் நிறத்தைப் பார்த்துப் பிறந்த சொல் அல்ல. ஆனாலும் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2020இல் பிளாக்லிஸ்ட், ஒயிட்லிஸ்ட் இரண்டையும் கைவிட்டது. எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. ரூட்டரில் எதை உள்ளே விடலாம் என்று சொல்லும் அக்சஸ் லிஸ்ட் எழுதியவரைக் கேளுங்கள்: ஒவ்வொரு வரியும் பெர்மிட் (அனுமதி), இல்லையென்றால் டினை (மறுப்பு). கறுப்பு வெள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. அலவ்லிஸ்ட், டினைலிஸ்ட் என்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் புரியும்.

ஸ்லேவ் விஷயத்தில் இப்படி நழுவ முடியாது. உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, நம்புகிறேன். ஆனால் முன்னோர்கள் சந்தையில் விற்கப்பட்ட ஒருவர், நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டதென்று உட்கார்ந்து நகல் சர்வரின் நிலையைக் காட்டும் ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ கட்டளையைத் தட்டும்போது உங்கள் எண்ணம் திரையில் தெரியாது. சொல்தான் தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் புரட்டிப்போடச் சொல்லவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள் 2020இல் வைத்துக்கொண்ட விதி எனக்குச் சரியாகப் படுகிறது: புதிதாக எழுதுவதில் இந்தச் சொற்கள் வேண்டாம், வெளியே பலருடைய நிரல்கள் நம்பியிருக்கும் பழைய இடைமுகங்களுக்கு விலக்கு உண்டு. அப்புறம், சொல்லை மட்டும் மாற்றிவிட்டு ஆள் எடுப்பதில் பழைய பாகுபாட்டையே தொடரும் நிறுவனத்துக்கு என் கைத்தட்டல் கிடையாது.

ஸ்கிரிப்ட் உடைகிறது என்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், ஸ்லேவுக்குப் பதில் ரெப்ளிகா (நகல்) என்று சொல்லும் ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ கட்டளையைத் தந்தது 2020இல். பழைய ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸை’ நீக்கியது 2024இல் வந்த 8.4 பதிப்பில். இடையில் மூன்று வருஷத்துக்கும் மேல் இரண்டுமே ஓடின, பழையதற்கு எச்சரிக்கையும் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை என்றால் குற்றம் சொல்லை மாற்றியவர்கள் மீதா?