வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயைப் பற்றி ஆய்வு செய்கிறேன். அக்கால உள்ளூர்ச் செய்தித்தாள்களின் முதல் பக்கம் முழுவதும் போர்ச் செய்திகளாகவே இருக்கின்றன. நோயைப் பற்றிய செய்தியை எங்கே தேடுவது?

பதில்: முதல் பக்கத்தை விட்டு உள்ளே செல்லுங்கள். போரிட்ட நாடுகளில் தணிக்கை இருந்தது. நடுநிலை வகித்த ஸ்பெயினிலோ, 1918 மே மாதத்தில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நோயுற்றது உட்பட எல்லாம் தடையின்றி அச்சேறியதால்தான், அங்கே தோன்றாத நோய்க்கு 'ஸ்பானிஷ் ஃபுளூ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஓர் இதழின் மௌனத்தை, அவ்வூரில் நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

உண்மையான செய்தி சிற்றறிவிப்புகளில் இருக்கிறது. பள்ளி ஒரு வாரத்துக்கு மூடப்படும் என்ற நான்கு வரி அறிவிப்பு, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் தேதி மட்டும் மாறி வெளியாகுமானால், நோய் தணியாததை அது எந்தத் தலையங்கத்தையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும். மரண அறிவிப்புப் பத்தியை நாள்தோறும் எண்ணி, வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள் பெருமளவில் மடிந்தது இந்நோயின் தனி அடையாளம். ஒரே வீட்டு முகவரி சில நாள் இடைவெளியில் இருமுறை வருவதைக் காணும்போது, அது வெறும் புள்ளிவிவரமல்ல என்பது நெஞ்சில் உறைக்கும். பலர் இறந்தது இன்ஃபுளுவென்சாவைத் தொடர்ந்த நிமோனியாவால். ஆதலால் அச்சொல்லையும் சேர்த்தே தேட வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1918 செப்டம்பர் 28 அன்று, போர்ச் செலவுக்கான கடன் பத்திரங்களை மக்களிடம் விற்பதற்காக, பெருங்கூட்டம் கூடிய ஊர்வலம் நடந்தது. அந்த நாளின் செய்தியையும் அடுத்த மூன்று வாரங்களின் இறப்புச் செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்; பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் இதழ் தருவது பெரும்பாலும் செய்தி கிடைத்த நாள். இறந்த நாளை இறப்புப் பதிவேட்டில்தான் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் போன்ற மின் தொகுப்புகளில் சொல்லைத் தேடினால் போதாதா?

பதில்: போதாது. மங்கிய அச்சைக் கணினி தவறாக எழுத்துணர்வதால், பக்கத்தில் இருக்கும் சொல்லே தேடலில் அகப்படாமல் போகும். தேடலைக் கொண்டு மாதத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த மாதத்து இதழ்களை விளம்பரங்கள் உட்படப் பக்கம் பக்கமாகப் படியுங்கள். மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ் 1933இல்தான் பிரித்தறியப்பட்டது. எனவே 1918இன் மருந்து விளம்பரங்களில் சிகிச்சையைத் தேடாமல், மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை நம்பினார்கள் என்பதைத் தேடுங்கள்.