கயிற்றை இழுக்கும் ரிட்ஜ்பேக்

கேள்வி: எங்கள் ரிட்ஜ்பேக் நாய்க்கு 14 மாதம், 35 கிலோ. நடக்கக் கூட்டிப்போனால் என்னையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. டர்பன் வெயிலில் எவ்வளவு நேரம் நடத்தலாம்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: முதலில் கயிற்றை மாற்றுங்கள். நீண்டு சுருங்கும் கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும். இழுத்தால்தான் முன்னே போகலாம் என்று நாய் படித்துக்கொள்ளும். 2 மீட்டருக்கு மிகாத சாதாரணக் கயிற்றை, நெஞ்சுப் பக்கம் வளையமுள்ள மார்புப்பட்டையில் மாட்டுங்கள். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். கயிறு விறைத்ததும் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்டவே கால் மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். வீட்டில் ஒருவர் மட்டும் இழுக்க விட்டாலும் பாடம் கெட்டுவிடும்.

விடியற்காலை 30 நிமிடம், பொழுது சாய்ந்து 30 நிமிடம் போதும். ஜனவரி, பிப்ரவரி கோடைப் புழுக்கத்தில் நாக்கின் ஈரம் சரியாக ஆவியாகாது. எவ்வளவு மூச்சிரைத்தாலும் உடல் குளிராது. தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியவில்லையா, வெளியே கூட்டிப்போகாதீர்கள். எலும்பு முற்ற 18 மாதமாவது ஆகும், அதுவரை சைக்கிளோடு ஓடவிட வேண்டாம்.

சாப்பிட்டபின் 2 மணி நேரம் ஓட்டம் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் வயிறு முறுக்கியிருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உங்கள் பக்கத்தில் குரங்குகள் அதிகமாயிற்றே! வேட்டை இனம் இது. வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள்.